வீட்டில் ஜங்ஷன் பாக்ஸ்: பொருத்துவதும் வயர் சேர்ப்பதும்

வீட்டு வயரிங்கில் வயர் நடுவழியில் கெட்டுப்போவது அபூர்வம். கெடுவது முனைகளில்தான்: சுவிட்ச் டெர்மினலில், ஹோல்டரில், இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிய இடத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 1.5 எம்.எம். (குறுக்குவெட்டு 1.5 சதுர மி.மீ.) செம்பு வயர் பத்து மீட்டர் போய்த் திரும்பினால் மொத்தத் தடை ஏறத்தாழ கால் ஓம். அதில் பிறக்கும் வெப்பம் இருபது மீட்டர் நீளத்துக்கும் பரவிவிடுவதால் வயருக்கு ஒன்றும் ஆவதில்லை. தளர்ந்த ஜாயிண்ட் ஒன்று அரை ஓம் தடை காட்டுகிறது, அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த ஒரே புள்ளியில் 50 வாட் வெப்பம். ஈயம் உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

இதை எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஓடுவது அளவான கரண்ட். ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) கண்டுபிடிக்காது, ஏனென்றால் கரண்ட் எங்கும் கசியவில்லை. இரண்டும் ஆன் நிலையிலேயே இருக்க, சுவருக்குள் டேப் உருகிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஜாயிண்ட் எங்கே இருந்தாலும் அது ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் (வயர்களைச் சேர்க்கும் மூடி போட்ட பெட்டி) இருக்க வேண்டும், அந்த பாக்ஸ் மூடியைத் திறக்கும்படி இருக்க வேண்டும். பைப்புக்குள் ஜாயிண்ட் போட்டு இழுப்பது, பாக்ஸ் மேல் பூச்சு பூசி மறைப்பது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வழி விடாமல் அடைப்பது ஆகிய மூன்றுக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

சட்ட நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே அளவில் மாற்றுவதற்கு மட்டுமே விலக்கு உண்டு. புதிதாக ஒரு பாயிண்ட் இழுப்பது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் பார்க்க வேண்டிய வேலை. கீழே உள்ளது வேலை தெரிந்தவர் சரிபார்த்துக்கொள்ளவும், வயர்மேனை வைத்துச் செய்பவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கவும் உதவும். டெஸ்டரைத் தவிர வேறெதையும் கையில் பிடித்துப் பழகாதவர் இதை வைத்துக்கொண்டு வேலையில் இறங்கக் கூடாது.

எடுத்துக்கொண்ட வேலை

சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஒர்க் ஏரியாவுக்கு ஒரு டியூப் லைட், ஒரு 6 ஆம்பியர் பிளக். சமையலறை சுவிட்ச் போர்டிலிருந்து சுவரின் மேலேயே பி.வி.சி. பைப் போட்டு எடுத்துச் செல்கிறோம். சுவர் ஓட்டை வழியாக வெளியே வரும் மூலையில் ஒரு பாக்ஸ், ஒர்க் ஏரியாவில் லைட்டுக்கும் புது போர்டுக்கும் பிரியும் இடத்தில் இன்னொரு பாக்ஸ்.

பொருள் வாங்கும் முன் லோடு கணக்கு. லைட்டிங் சர்க்யூட்டில் 1.5 எம்.எம். வயரும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் இருந்தால் அந்த சர்க்யூட் முழுவதும் சேர்ந்து 1,380 வாட் வரைதான். டியூப் லைட் 20 வாட், 750 வாட் மிக்சி ஓடினால் மூன்று ஆம்பியருக்கு மேல் கொஞ்சம். இதோடு சமாளிக்கலாம். ஆனால் ஒர்க் ஏரியா என்றாலே அங்கே வாஷிங் மெஷின் வந்து நிற்கும். ஹீட்டர் உள்ள மெஷின் 2,000 வாட் இழுக்கும், அதாவது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பும் அப்படியே. கீசர் என்றால் அதற்கும் மேலே போகலாம். இவற்றை இந்த பாக்ஸிலிருந்து எடுக்கவே கூடாது. டி.பி.யிலிருந்து (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) தனியாக 2.5 எம்.எம். வயர், தனியாக 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் பிளக் என்று நேராக வர வேண்டும். 'இப்போதைக்கு இதில் போட்டுக்கொள்வோம், அப்புறம் மாற்றலாம்' என்று போட்டதை யாரும் அப்புறம் மாற்றுவதில்லை.

கடையில் கேட்க வேண்டியவை:

- 20 மி.மீ. மீடியம் பைப் 3 லென்த், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர். லைட் கிரேடு பைப்பைத் தவிர்க்கவும். வளைக்கும்போது நசுங்கும், வயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டு இழுக்கும்போது உள்ளே சிக்கும்.
- மூடியுடன் 4க்கு 4 இஞ்ச் சதுர பாக்ஸ் 2, ஆழம் 50 மி.மீ.க்குக் குறையாமல்.
- புது போர்டுக்குச் சுவர்மேல் பொருத்தும் பாக்ஸ், பிளேட், லைட்டுக்கு ஒரு சுவிட்ச், சுவிட்சுடன் ஒரு 6 ஆம்பியர் சாக்கெட்.
- 1.5 எம்.எம். வயர்: சிவப்பு 9 மீட்டர், கறுப்பு 10, பச்சை 10, சுவிட்ச் ரிட்டர்னுக்கு (சுவிட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் வயர்) மஞ்சள் 4.
- மூன்று வயர் பிடிக்கும் லீவர் கனெக்டர் 4. தேவை இரண்டுதான், மற்றவை கைவசம் இருக்கட்டும்.
- சேடில் (பைப்பைச் சுவரோடு பிடிக்கும் பட்டை) 20, ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர் ஓட்டையில் இறக்கும் முளை), 35க்கு 8 ஸ்க்ரூ 30. பெண்ட், கப்ளர், பைப் சொல்யூஷன், பாக்ஸ் வாயில் மாட்ட புஷ்.

வயரில் ஐ.எஸ். 694 முத்திரையும் எஃப்.ஆர். என்ற அச்சும் பார்த்து வாங்குங்கள். 1.5 எம்.எம். என்றால் பெரும்பாலும் 0.3 மி.மீ. தடிப்புள்ள 22 இழை. மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் வயரின் ஒரு முனையைச் சீவி இழையை எண்ணினால் கடைக்காரருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

நிரந்தர பேஸ் எங்கே இருக்கிறது

புது பாயிண்டை அருகிலிருக்கும் சீலிங் லைட் பாக்ஸிலிருந்தே எடுத்துவிடலாம் என்று தோன்றும். நம் ஊர் வயரிங்கில் அது பெரும்பாலும் நடக்காது. இங்கே லூப்பிங் (ஒரு பாயிண்டிலிருந்து அடுத்ததற்கு லைனைத் தொடர்வது) எல்லாம் சுவிட்ச் போர்டில்தான். போர்டுக்கு பேஸ் வரும், சுவிட்ச் வழியாக ரிட்டர்ன் மட்டும் மேலே லைட்டுக்குப் போகும். சீலிங் பாக்ஸில் இருப்பது அந்த ரிட்டர்னும் ஒரு நியூட்ரலும்தான். அதிலிருந்து பிளக் எடுத்தால் சமையலறை லைட் போட்டால்தான் மிக்சி ஓடும். பழைய வீடுகளில் லைட் பாயிண்டுக்கு பச்சை வயரே போயிருக்காது. ஆகவே பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் போர்டிலிருந்து எடுங்கள்.

போர்டிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பேஸ் எந்த எம்.சி.பி.யைச் சேர்ந்ததோ, நியூட்ரலும் அதே சர்க்யூட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். போர்டில் பிளக்குக்கு ஒரு சர்க்யூட், லைட்டுக்கு ஒரு சர்க்யூட் என்று இரண்டு கறுப்பு வயர் வந்திருந்தால், கைக்கு எட்டியதில் போய்ச் சேர்க்காதீர்கள். இரண்டும் வேறு வேறு ஆர்.சி.சி.பி.யின் கீழ் இருந்தால் லோடு போட்டவுடன் டிரிப் ஆகும். இன்வெர்ட்டர் லைனும் நேர் லைனும் நியூட்ரலில் கலந்தாலும் அதே தொல்லை.

த்ரீ பேஸ் வீட்டில் இது டிரிப்போடு நிற்காது. இரண்டு பேஸுக்கு ஒரே நியூட்ரலை வைத்து ஓட்டியிருந்து, அந்த நியூட்ரல் ஜாயிண்ட் விட்டுவிட்டால், இரண்டு சர்க்யூட்டில் உள்ள சாமான்களும் 415 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். குறைந்த வாட் உள்ள பக்கம் வோல்டேஜ் ஏறும், அதிக வாட் உள்ள பக்கம் இறங்கும். டி.வி., எல்.இ.டி. பல்பு, மோடம் எல்லாம் ஒரே நிமிடத்தில் போவது இப்படித்தான். பேஸ் ஜாயிண்ட் விட்டால் லைட் எரியாது, அவ்வளவுதான். நியூட்ரல் ஜாயிண்ட் விட்டால் வீட்டுச் சாமான் போகும். கறுப்பு வயரை முறுக்கும்போது வரும் அலட்சியத்துக்கு விலை அதிகம்.

மெயினை இறக்கினால் மட்டும் போதாது

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை ஆஃப் செய்த அடுத்த கணமே லைட், ஃபேன் லைனுக்கு இன்வெர்ட்டர் 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். மெயினை இறக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் பாக்ஸைத் திறப்பவருக்கு இதைவிட மோசமான பொறி கிடையாது. மாறாக, இன்வெர்ட்டரை மட்டும் ஆஃப் செய்தாலும் மெயின் இருந்தால் பைபாஸ் வழியாக லைன் உயிரோடுதான் இருக்கும். இரண்டையும் ஆஃப் செய்ய வேண்டும். அடுக்குமாடியில் ஜெனரேட்டர் லைன் தனி எம்.சி.பி. வழியாக வரும், அதையும் இறக்குங்கள். பேட்டரியோடு கூடிய சோலார் இருந்தால் அதன் அவுட்புட்டையும். எம்.சி.பி. பெட்டியைப் பூட்டுங்கள். பூட்டு இல்லையென்றால் 'வேலை நடக்கிறது, போடாதே' என்று எழுதி நாப்மேல் டேப் ஒட்டுங்கள். கரண்ட் போயிடுச்சா என்று ஓடிவந்து மெயினைப் போடும் ஆள் எல்லா வீட்டிலும் உண்டு.

பிறகு சோதனை. நியான் டெஸ்டரை நம்பி வயரைத் தொடாதீர்கள். உலர்ந்த மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நின்றால் அது மங்கலாகத்தான் எரியும், வெயில் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியாது. மல்டிமீட்டரை ஏ.சி. 600 வோல்ட் ரேஞ்சில் வைத்து, முதலில் உயிருள்ள ஏதாவது பிளக்கில் வைத்து 230 காட்டுகிறதா என்று பாருங்கள். அதற்காக மெயினை இறக்குவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பிறகு பாக்ஸில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளந்து பாருங்கள். முடிந்ததும் மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று உயிருள்ளது என்று தெரிந்த ஒரு சப்ளையில் சரிபாருங்கள். மீட்டரின் லீடு அறுந்திருந்தாலும் அது பூஜ்யம்தான் காட்டும்.

சில நேரம் ஆஃப் செய்த வயரில் 40, 70, 90 வோல்ட் என்று ஏதாவது காட்டும். பக்கத்தில் ஓடும் உயிருள்ள வயரிலிருந்து தூண்டப்பட்ட பொய் வோல்டேஜாக இருக்கலாம், உண்மையான கசிவாகவும் இருக்கலாம். சிங்கிள் பேஸ் வீட்டில் 60 வாட் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பொய் வோல்டேஜ் பல்பு வைத்ததும் பூஜ்யத்துக்கு விழும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, பொய் வோல்டேஜுக்கும் அது மினுங்கும். த்ரீ பேஸ் வீட்டில் பல்பு வைத்துப் பார்க்க வேண்டாம், இரண்டு பேஸுக்கு நடுவே பட்டால் வெடிக்கும்.

நிறத்தை நம்புவதும் ஆபத்து. நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் மிக்சி, ஏ.சி. போன்றவற்றின் கார்டில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். வீட்டு வயரிங்கில் பேஸாக வரும் நீலமே கார்டில் நியூட்ரல். பழைய வீட்டில் கையிலிருந்த நிறத்தில் இழுத்து முடித்தவர்களும் உண்டு, அளந்து பார்த்து டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸையும் பைப்பையும் பொருத்துதல்

பாக்ஸுக்கான இடம் ஸ்டூல் போட்டால் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே வேண்டாம். பாத்ரூமுக்குள் ஷவர் பக்கம் பாக்ஸ் வைப்பதைத் தவிர்த்து வெளிச்சுவரில் வையுங்கள்.

பாக்ஸை வெறுமையாக சுவரில் வைத்து ரசமட்டம் பார்த்து ஓட்டை குறியுங்கள். 6 எம்.எம். பிட்டால் ராவல் பிளக்கின் நீளத்தைவிட அரை சென்டிமீட்டர் கூடுதலாகத் துளைத்து, தூசியை ஊதிவிட்டு பிளக் இறக்குங்கள். தூசியோடு பிளக் அடித்தால் பாதியில் நிற்கும், பாக்ஸ் சுவரோடு படியாமல் ஆடும். செங்கல் இணைப்பில் உள்ள கலவையில் பிளக் பிடிக்காது, ஓட்டையை இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள்.

பைப்புக்கு 60 செ.மீ.க்கு ஒரு சேடில், பாக்ஸுக்கும் பெண்டுக்கும் இருபக்கமும் 15 செ.மீ.க்குள் ஒன்று. பைப் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் புஷ் மாட்டுங்கள். பைப்பை ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் உள்விளிம்பில் பிசிறு நிற்கும், கத்தியால் சுரண்டி எடுக்காமல் விட்டால் வயர் இழுக்கும்போது இன்சுலேஷனை நீளமாகக் கீறிவிடும். அந்தக் கீறல் மழைக்காலத்தில்தான் கண்ணில் படும், ஆர்.சி.சி.பி. டிரிப் ஆவதாக. 20 மி.மீ. பைப்பில் 1.5 எம்.எம். வயர் ஆறேழுக்கு மேல் போடாதீர்கள். இரண்டு பாக்ஸுக்கு நடுவே இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் இன்னொரு பாக்ஸ் வைப்பது வேலையைக் குறைக்கும்.

சுவருக்குள் புதைக்கும் பாக்ஸ் என்றால் காடியின் ஆழம்தான் முக்கியம். பூச்சு முடிந்தபின் பாக்ஸின் விளிம்பு பூச்சின் மட்டத்துக்கு வர வேண்டும். உள்ளே போய்விட்டால் மூடியின் ஸ்க்ரூ எட்டாது, வெளியே துருத்தினால் மூடிக்குப் பின்னால் இடைவெளி விழும். பூச்சுக்கு முன் பாக்ஸுக்குள் தினசரிப் பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். சிமெண்ட் பால் பைப்புக்குள் இறங்கி உறைந்துவிட்டால் மறுபடி கொத்துவதைத் தவிர வழியில்லை. கான்கிரீட் பீமையும் தூணையும் காடி எடுக்க வெட்டாதீர்கள். இரும்பு பாக்ஸ் போட்டால் அதற்கும் எர்த் கொடுக்க வேண்டும், உள்ளே அதற்கென ஒரு ஸ்க்ரூ இருக்கும். வட்டமான சீலிங் டீப் பாக்ஸ் ஒரு ஃபேனோ லைட்டோ தொங்கவிடத்தான். அதற்குள் ஒன்பது வயரையும் மூன்று கனெக்டரையும் அடைத்தால் மூடி போடும்போது ஏதாவது ஒன்று நசுங்கும்.

வயர் இழுத்தல், ஜாயிண்ட்

போர்டு முனையிலிருந்து ஸ்பிரிங் விட்டு மூன்று வயரையும் ஒன்றாக இழுங்கள். ஒவ்வொரு பாக்ஸிலும் 15 செ.மீ. கூடுதலாக விடுங்கள். மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல: குறைவாக விட்ட வயரில் ஒருமுறை ஜாயிண்ட் கெட்டால் வெட்டி மறுபடி போட நீளம் இருக்காது.

ஜாயிண்டை எவ்வளவு குறைக்க முடியும் என்பதை முதலில் பாருங்கள். முதல் பாக்ஸ் வெறும் மூலை, அங்கே ஒரு வயரையும் வெட்ட வேண்டாம், அப்படியே திருப்பி விடலாம். இரண்டாவது பாக்ஸில் சிவப்பு பேஸ் நேராகப் புது போர்டுக்கு இறங்குகிறது, அதையும் வெட்ட வேண்டாம். மஞ்சள் ரிட்டர்ன் போர்டிலிருந்து ஏறி நேராக லைட்டுக்குப் போகிறது, அதுவும் முழு வயர். பிரிவது கறுப்பும் பச்சையும் மட்டுமே: ஒன்று வருகிறது, ஒன்று போர்டுக்கு, ஒன்று லைட்டுக்கு. இத்தனை வயர் ஓடும் பாக்ஸில் ஜாயிண்ட் இரண்டே இரண்டு. எல்லாவற்றையும் வெட்டிப் பாக்ஸில் சேர்த்துக்கொள்வது சிலருக்குப் பழக்கம், இழுக்கச் சுலபம் என்பதைத் தவிர அதில் ஒரு லாபமும் இல்லை.

லீவர் கனெக்டரில் வயரின் முனையை 11 மி.மீ. சீவ வேண்டும், அளவு பெரும்பாலும் கனெக்டரின் பக்கவாட்டிலேயே இருக்கும். ஸ்ட்ரிப்பர் பயன்படுத்துங்கள். பிளேடை வைத்துச் சுற்றிலும் அழுத்தினால் 22 இழையில் நாலைந்து அறுபட்டுவிடும், அதோடு வயரின் கொள்ளளவும் அந்த இடத்தில் குறைந்துவிடும். சீவிய இழைகளை விரலால் நேராக்கி இலேசாகத் திருகுங்கள், கயிறுபோல முறுக்க வேண்டாம். லீவரை முழுக்கத் தூக்கி, வயரை முட்டும்வரை தள்ளி, லீவரை அழுத்தி மூடுங்கள். ஒளி ஊடுருவும் உடலின் வழியே பார்த்தால் செம்பு கடைசிவரை போயிருப்பது தெரியும், வாய்க்கு வெளியே செம்பு தெரியக் கூடாது. பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மூன்றையும் சேர்த்து இழுத்தால் இறுக்கமாக உள்ள இரண்டு தளர்ந்த மூன்றாவதை மறைத்துவிடும். வேகோ நிறுவனத்தின் 221 வரிசையில் சாதாரண லீவர் கனெக்டர் 4 எம்.எம். வயர் வரை, 32 ஆம்பியர் வரை தாங்கும். அச்சே இல்லாத, லீவர் பட்டென்று மூடாமல் தொளதொளவென்று இருக்கும் மலிவு நகல்கள் சந்தையில் நிறைய. அவற்றை லைட்டுக்குக்கூடப் போடாதீர்கள்.

பன்னிரண்டு ஓட்டை ஸ்ட்ரிப் கனெக்டர்தான் கிடைக்கிறது என்றால் இழை வயரை நேராக ஸ்க்ரூவின் கீழ் வைக்காதீர்கள். ஸ்க்ரூவின் முனை இழைகளைத் துண்டித்து ஓரமாகத் தள்ளும், இறுக்கமாகத் தோன்றிய பிடி சில மாதத்தில் தளரும். முனையில் பின்-லக் (ஊசி வடிவ உலோக முனை) போட்டு, கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இறுக்கி), பிறகு நுழைத்துவிடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் சூட்டில் இளகும். கீசர் போன்ற இடத்துக்குப் பீங்கான் கனெக்டர் வாங்குங்கள்.

முறுக்கி டேப் சுற்றுவது இன்றும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. எங்கள் கருத்தில் புது வேலையில் அதற்கு இடமில்லை. வேறு வழியே இல்லையென்றால் 30 மி.மீ. சீவி, இழைகளைக் கோத்து, பிளையரால் ஆறேழு சுற்று இறுக்கி, ஈயம் வைத்து, அதன்மேல் டேப்பைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி மூன்று அடுக்கு சுற்ற வேண்டும். ஈயம் இல்லாத முறுக்கு, லோடு ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்கித் தளரும். டேப்பின் பசையும் வெப்பத்தில் வழிந்து முனை தானே பிரிந்துவிடும். பழைய வீட்டில் வெள்ளிநிற அலுமினிய வயர் வந்தால் அதையும் செம்பையும் சேர்த்து முறுக்கவே கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். அதற்கென உள்ள கனெக்டர் வேண்டும், அதைவிட அந்த வயரையே மாற்றுவது நல்லது.

முதலில் பச்சை, அடுத்து கறுப்பு, கடைசியில் போர்டில் பேஸ் என்ற வரிசையில் சேருங்கள். கழற்றும்போது தலைகீழாக. புது போர்டில் சாக்கெட்டை முன்பக்கமிருந்து பார்க்கையில் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். சுவிட்ச் பேஸைத்தான் துண்டிக்க வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் வைத்தாலும் லைட் அணையும், ஆனால் ஹோல்டர் உயிரோடே இருக்கும். எல்.இ.டி. லைட் ஆஃப் செய்தபின்னும் மங்கலாக மினுங்கினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

வயர்களைச் சுருட்டாமல் பாக்ஸின் சுவரை ஒட்டி வளைத்துப் படியவையுங்கள். கனெக்டர்கள் மேலே, மூடியைக் கழற்றினால் கண்ணில் படும்படி. மூடியை அழுத்திப் பிடித்துத்தான் ஸ்க்ரூ போட வேண்டியிருக்கிறது என்றால் பாக்ஸ் சின்னது, மாற்றுங்கள்.

வெளியில் வைக்கும் பாக்ஸ்

ஒர்க் ஏரியாவில் சாரல் அடிக்கும் என்றால் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரப் பாக்ஸ் போடுங்கள். ஆனால் அந்தத் தரத்தைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. மேல்பக்கம் துளை போட்டு பைப் நுழைத்தால் அது சாதாரண பாக்ஸ் ஆகிவிடும். எல்லா நுழைவும் அடிப்பக்கமிருந்து, கேபிள் என்றால் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் மூடி) போட்டு. கேபிள் பாக்ஸுக்குள் ஏறும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பயன்படாத துளைகளுக்கு மூடி, பைப் வாயில் சிலிக்கான். இதைச் செய்யாமல் விட்டால் எறும்பு கூடு கட்டும், பல்லி உள்ளே போய் இரண்டு டெர்மினலுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். ஃபியூஸ் போய்த் திறந்தால் கருகிய பல்லி இருப்பது எந்த வயர்மேனுக்கும் புதிதல்ல.

வடகிழக்குப் பருவமழையில் தளம் ஒழுகும் வீடுகளில் சீலிங் பாக்ஸில் தண்ணீர் தேங்கும். லைட்டிலிருந்து சொட்டுவதைப் பார்த்தால் அந்த சர்க்யூட்டை இறக்கிவிட்டுத் தொடாமல் விடுங்கள். டேப்பை மாற்றி, மேலே இன்னும் கொஞ்சம் சுற்றி சமாளிப்பது அடுத்த மழை வரைதான். ஒழுகலை அடைத்து, பாக்ஸ் காய்ந்து, இன்சுலேஷன் அளந்தபின்தான் ஆன் செய்ய வேண்டும்.

கரண்ட் கொடுக்கும் முன், கொடுத்த பின்

மெயின் ஆஃப் நிலையிலேயே லைட், அடாப்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சுவிட்சுகளை ஆன் செய்து, 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த், பேஸ்-நியூட்ரல் பாருங்கள். ஒரு மெகோமுக்கு (பத்து லட்சம் ஓம்) கீழே காட்டினால் எங்கோ இன்சுலேஷன் கீறியிருக்கிறது, பெரும்பாலும் பைப் முனையில் அல்லது மூடி ஸ்க்ரூவின் அடியில். புது வயரில் நூறைத் தாண்டுவதே இயல்பு. எல்.இ.டி. டிரைவர் மாட்டியபடி மெகர் போட்டால் டிரைவர் போய்விடும். மெகர் இல்லாத வயர்மேனிடம் வாங்கி வரச் சொல்லுங்கள், மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்ச் இதற்கு ஈடாகாது.

ஆன் செய்தபின் சாக்கெட்டில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள். பேஸ்-எர்த் மிகக் குறைவாக இருந்தால் பச்சை வயர் எங்கேயோ சேரவில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அதை மாற்றும்வரை வேலை முடியவில்லை என்று வையுங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றால் புது பிளக்குக்கு முன் அதைப் போடுவதுதான் முதல் செலவு.

சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியை மாட்டி அரைமணி நேரம் ஓடவிட்டு, மெயினை இறக்கி, கரண்ட் இல்லை என்று உறுதி செய்தபின் பாக்ஸின் மூடியைத் திறந்து கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். வயரைவிடக் கனெக்டர் சூடாக இருந்தால் அந்த ஜாயிண்டைப் பிரித்து மறுபடி போடுங்கள்.

பின்னாளில் கவனிக்க வேண்டியவை சில. மிக்சி போடும்போது லைட் மங்கி, நிறுத்தியதும் பழையபடி எரிந்தால் பேஸ் அல்லது நியூட்ரல் ஜாயிண்ட் தளர்ந்திருக்கலாம். சில அறைகளில் பல்பு பளீரென்றும் சில அறைகளில் மங்கலாகவும் எரிந்தால் உடனே மெயினை இறக்குங்கள், அது நியூட்ரல் கட். குறை வீட்டுக்குள்ளும் இருக்கலாம், இ.பி. லைனிலும் இருக்கலாம். பாக்ஸுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடையோ மீன் வாடையோ வந்தால், மூடி மஞ்சளித்திருந்தால், 'கிர்' என்று மெல்லிய சத்தம் கேட்டால் ஜாயிண்ட் எரிகிறது. ஆர்.சி.சி.பி. லோடு போட்டால் மட்டும் விழுகிறது என்றால் நியூட்ரல் வேறு சர்க்யூட்டோடு கலந்திருக்கிறது அல்லது எங்கோ எர்த்தைத் தொடுகிறது. மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் வெளிப் பாக்ஸைத் திறந்து பாருங்கள்.

மூடியின் உள்பக்கத்தில் எம்.சி.பி. எண்ணையும் வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதையும் மார்க்கரால் எழுதுங்கள். மூடும் முன் திறந்த பாக்ஸையும் சுவரில் பைப் போகும் வழியையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆணி அடிக்க டிரில்லிங் மெஷினை எடுக்கும்போது முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.